சீட்டைக் கிழிக்கிறதுக்கு முன்னால

உக்காருங்க டாக்டர் தம்பி. அந்த நாற்காலி வேணாம், அதுல மூணு காலைத்தேன் நம்பலாம். இந்த பெஞ்சுக்கு வாங்க. இந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எத்தனையோ டாக்டருக வந்தாக, போனாக. நான் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டுக்கிட்டு இங்கனயே கெடந்தவன். ரிட்டயர் ஆகியும் விடிஞ்சா இங்க வந்துர்றேன். வீட்டுல இருந்தா கெழவி ரேசன் கடை வரிசையில நிக்க விட்டுருவா.

நீங்க படிச்சதுல நான் குறுக்க வரமாட்டேன். பொழைக்கிற வழி மட்டும் சொல்றேன், காதுல போட்டுக்கங்க.

ஒரு வம்பும் இல்லாம இங்க காலத்தை ஓட்டிட்டு, மேல்படிப்புக்குக் கெளம்பிப் போகணுமா? சுலபமான வழி இருக்கு. யாரு வந்தாலும் 'ஜி.எச். போங்க'ன்னு சீட்டைக் கிழிச்சுக் குடுத்துருங்க. தலைவலியா, ஜி.எச். முட்டி வலியா, ஜி.எச். கெட்டது நடந்தா அங்க நடக்கும், நம்ம ரிஜிஸ்தர் சுத்தமா இருக்கும். இப்படி ஒரு டாக்டர் இருந்தாரு. கிழிச்சுக் கிழிச்சே மணிக்கட்டு வலிக்குதுன்னாரு. அதுக்கும் எலும்பு டாக்டர் ஜி.எச்.லதேன் இருக்காருன்னு நான்தேன் எடுத்துச் சொன்னேன்.

இன்னொருத்தரு இருந்தாரு, மகா தைரியசாலி. எதையும் அனுப்ப மாட்டாரு. 'நானே பாத்துக்கிறேன்'னு மார்ல தட்டுவாரு. ஊரே கும்பிட்டுச்சு. பொங்கலுக்குக் கரும்புக்கட்டு, திருவிழாவுக்கு மொத மரியாதை. நம்ம நல்ல காலம், பெருசா ஒண்ணும் ஆகுறதுக்குள்ள அவருக்கு மாறுதல் வந்துருச்சு. சீட்டு கிழிக்கிறவர விட எனக்கு இவரைக் கண்டுதேன் பயம்.

எதை வச்சுக்கிறது, எதை அனுப்புறதுங்குறதுதேன் இங்க வேலையே. அதுலயும், அனுப்புறதுக்கு முன்னால இங்கனயே செஞ்சு முடிக்க வேண்டியது ஒண்ணு எப்பவும் இருக்கும். அதைச் செய்யாமக் கிழிச்ச சீட்டு வெறுங் காகிதம்.

அதுக்கு நோய் என்னன்னு தெரியணுமில்ல? எங்க ஆளுக கிட்ட அது லேசுல கெடைக்காது. மாட்டுச் சந்தையில துண்டுக்கு அடியில விரலைப் பிடிச்சு வெலை பேசுவாக பாருங்க, அப்படித்தேன் இங்க நோயைச் சொல்லுறது. மொதல்ல 'ஒடம்பெல்லாம் வலி'ம்பாக. அப்புறம் 'சத்து மாத்திரை இருந்தாக் குடுங்க'ம்பாக. சீட்டை வாங்கிட்டு வாசப்படி வரைக்கும் போயி, திரும்பி நின்னு, 'ரெண்டு நாளா மாடிப்படி ஏறுனா நெஞ்சை அடைக்குது, அதுக்கும் சேத்து ஏதாச்சும் எழுதியிருக்கீகளா?'ம்பாக. அதுதேன் தம்பி நோய். முந்தி சொன்னதெல்லாம் வெலை பேசுனது. நீங்க அதுக்குள்ள அடுத்த ஆள் பேரைக் கூப்புட்டிருந்தீகன்னா போச்சு.

கேள்வி கேக்கவும் ஒரு தெறமை வேணும். 'தண்ணி போடுவீகளா'ன்னு கேட்டா 'எப்பவாச்சும்'னு சொல்லுவாக. பொய்யில்லை. வருசத்துல டாஸ்மாக் மூடுற நாளைக் கழிச்சுட்டு மிச்ச நாளெல்லாம் எங்களுக்கு எப்பவாச்சும்தேன். 'கடைசியா எப்பக் குடிச்சீக'ன்னு கேளுங்க, 'இப்ப வர்ற வழியில'ன்னு வெள்ளந்தியா வந்து விழும். மாத்திரை போடுறீகளான்னு கேக்காதீக. அட்டையக் கொண்டாந்து காட்டச் சொல்லி, காலியான குழியை எண்ணுங்க.

இப்ப வாயுக் கதைக்கு வாரேன். எங்க ஊருல மாரடைப்புங்குற நோயே கெடையாது. எல்லாம் வாயு. நெஞ்சுல வாயு, தோள்பட்டையில வாயு, தாடையில வாயு. சோடா குடிச்சு, சீரகத்தண்ணி குடிச்சு, பூண்டைச் சுட்டுத் தின்னு, அதுக்கும் கேக்கலைன்னா தானே டி.வி.எஸ். எக்ஸெல்லை ஓட்டிக்கிட்டு வந்து 'ஒரு கேஸ் ஊசி போட்டு விடுங்க, வெள்ளாமைக்குத் தண்ணி பாய்ச்சப் போகணும்'ம்பாக. மார்கழிக் குளிருல சட்டை நனைஞ்சு முதுகோட ஒட்டியிருக்கும். நீங்க நோயாளி பேச்சைக் கேக்க வேணாம், சட்டையக் கேளுங்க. பத்து நிமிசத்துக்குள்ள ஈ.சி.ஜி. எடுத்துருங்க. சுத்தமா வந்தாலும் அனுப்பிச்சுராதீக. வலி நிக்கலைன்னா கொஞ்ச நேரம் விட்டு இன்னொண்ணு எடுங்க. மொதல் பேப்பர்ல ஒளிஞ்சுக்கிட்டு ரெண்டாவதுல தலையக் காட்டுற அடைப்பு உண்டு. சக்கரைக்காரவுக, வயசான பொம்பளைக விசயத்துல இன்னும் சூதானமா இருக்கணும். அவுகளுக்கு நெஞ்சு வலிக்காமலே போகும். ஒரே அசதி, வேர்வை, ஒரு வாந்தி. அவ்வளவுதேன்.

2023-ல 'இதயம் காப்போம்'னு ஒரு திட்டம் வந்துச்சு. பதினாலு மாத்திரை. ஆஸ்பிரின் 150 மில்லிகிராம் ரெண்டு, க்ளோபிடோக்ரெல் 75 நாலு, அட்டோர்வாஸ்டாடின் 10 எட்டு. மாரடைப்புன்னு பட்டா இங்கனயே குடுத்து முழுங்க வச்சுட்டுத்தேன் 108-ல ஏத்தணும். அதுக்கு முன்னால ரத்தம் கக்குனாரா, அலர்ஜி இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. அந்த மாத்திரை மருந்தகத்துப் பீரோவுக்குள்ள பூட்டிக் கெடக்கும், சாவி மருந்தாளுநர் இடுப்புல இருக்கும், அவுக மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருப்பாக. இதை மொதநாளே சரி பண்ணி, உங்க மேசை டிராயர்ல ஒரு பொட்டலம் வாங்கிப் போட்டுக்கங்க. ஆளை மறுபடி எக்ஸெல்லுல ஏற விடாதீக. வண்டியை யாரு வீட்டுக்கு ஓட்டிட்டுப் போறதுன்னு அரை மணி நேரம் பஞ்சாயத்து நடக்கும். சாவியை வாங்கி என்கிட்டக் குடுங்க.

அதுக்காக வாய் கோணிக்கிட்டு வர்றவருக்கும் அந்த மாத்திரையக் குடுத்துராதீக. மூளையில அடைப்பா, ரத்தக் கசிவான்னு சி.டி. எடுக்காம யாருக்கும் தெரியாது. வாய் வழியா ஒண்ணுமே வேணாம். அங்க செய்ய வேண்டியது ரெண்டு. விரல்ல குத்திச் சக்கரை பாக்கணும். சக்கரை ரொம்பக் கொறைஞ்சாலும் கை கால் விழுந்த கணக்கா ஆள் கெடப்பாரு, குளுக்கோஸ் ஏத்துனா எந்திரிச்சு உக்காந்து 'நான் எங்க இருக்கேன்'ம்பாரு. அடுத்தது, கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாருன்னு கேட்டு எழுதணும். அடைப்பைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரந்தேன் கெடு. 'காலையில எந்திரிக்கையில இப்படி இருந்தாரு'ன்னா அது விடியக்காலைக் கணக்கில்லை, ராத்திரி படுக்கப் போன நேரத்துல இருந்து கணக்கு. அனுப்புறதும் சி.டி. இருக்குற ஆஸ்பத்திரியாப் பாத்து அனுப்புங்க. பக்கத்துல இருக்குன்னு அனுப்பி, அவுக இன்னொரு எடத்துக்கு அனுப்பி, நோயாளி மாவட்டத்தையே சுத்திப் பாத்துருவாரு.

பாம்புக்கடியில எங்க ஆளுக்கு வெவரம் ஜாஸ்தி. கடிச்ச பாம்பை அடிச்சு, உரச் சாக்குல போட்டு, உங்க மேசை மேல வச்சுருவாக. பாதி உசுரோட இருந்தாலும் இருக்கும், காலைக் கொஞ்சம் தூக்கி வச்சுக்கங்க. அது வந்தாக்கூட தேவலை. வராத பாம்புதேன் ஆபத்து. அறுப்புக் காலத்துல களத்துலயும் தரையிலயும் படுத்துக் கெடக்குறவன், விடியக்காலம் நாலு மணிக்கு வயித்து வலின்னு வருவான். கடிச்ச தடம் ஒண்ணும் இருக்காது, வீக்கம் இருக்காது. 'ராத்திரி கறி தின்னான், சேரலை'ன்னு கூட வந்தவன் தீர்ப்பே சொல்லிருவான். நீங்களும் தூக்கக் கலக்கத்துல கேஸ் ஊசி போட்டுப் படுக்க வைப்பீக. அவன் கண்ணு சொருகும். ராத்திரியெல்லாம் தூங்கலையேன்னு எல்லாரும் வெளக்கை அணைச்சுட்டு வெளிய வந்துருவாக.

அந்த எடத்துல வெளக்கைப் போட்டு, 'மேல பாருப்பா, இமையத் தூக்கு'ன்னு சொல்லணும் தம்பி. இமை மேல ஏறாது. நாக்கை நீட்டச் சொன்னா முழுசா நீட்ட மாட்டான். எச்சி முழுங்கச் செரமப்படுவான். கட்டுவிரியன் தூக்கத்துலயே கடிச்சுட்டுப் போயிருக்கும், அதோட பல்லு அவ்வளவு சன்னம். மொதல்ல விஷமுறிவு மருந்து பத்துக் குப்பி. பக்கத்துலயே அட்ரினலின், அந்த மருந்தே சிலருக்கு ஒத்துக்காது. மருந்து ஓட ஓட வண்டியில ஏத்தணும். மூச்சு நிக்கலாம், அதனால ஆம்பு பை அமுக்கத் தெரிஞ்ச நர்ஸ் ஒருத்தர் கூடப் போகணும், வென்டிலேட்டர் இருக்குற எடத்துக்கே போகணும். இது எதுவும் இல்லாம ஏத்துனா நீங்க அனுப்பி வச்சது சவத்தை.

கண்ணாடி விரியன்னா ஆட்டம் வேற. ரத்தம் உறையாது. புதுசா, காஞ்ச கண்ணாடிக் குழாயில ரெண்டு மில்லி ரத்தத்தை விட்டு, இருபது நிமிசம் அசைக்காம வச்சு, அப்புறம் சாய்ச்சுப் பாக்கணும். தண்ணியா ஓடுனா விஷம் ஏறியிருக்கு. பிளாஸ்டிக் குழாயில பாத்தா அது பொய் சொல்லும். சோப்புப் போட்டுக் கழுவுன குழாயும் பொய் சொல்லும். விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் குடுக்குறவுக நம்ம இருளருக, சென்னைக்குத் தெக்க வடநெம்மேலியில. 1978-லயே அதுக்குச் சங்கம் வச்சவுக. அவுக பாம்பு கழுத்தைப் பிடிச்சு எடுத்துக் குடுக்குறாக, நாம ஃபிரிட்ஜைத் தெறக்கச் சோம்பப்படுறோம்.

அடுத்து காய்ச்சல். இங்கதேன் உங்க கைராசிக்குச் சோதனை. ஊசி போடாத டாக்டரை எங்க ஊரு டாக்டருன்னு ஒத்துக்கிறாது. மாத்திரை எழுதிக் குடுத்தீகன்னா, அப்படியே மெயின் ரோட்டுல ஊசிக்காரர் கிட்டப் போயி, டைக்ளோஃபினாக்கும் ஸ்டீராய்டும் கலந்து ஒண்ணு ஏத்திக்கிட்டு, 'கவர்மென்டு டாக்டருக்கு ஒண்ணும் தெரியலை'ன்னு சொல்லிட்டுப் போவாக. டெங்குக் காய்ச்சலா இருந்தா அந்த வலி ஊசி ரத்தக் கசிவை இழுத்து விட்டுரும்.

இதுக்கு நான் ஒரு தந்திரம் சொல்றேன். தொட்டுப் பாருங்க. நாக்கை நீட்டச் சொல்லுங்க, இமையப் பிதுக்கிப் பாருங்க, வயித்துல கைய வச்சு அமுக்குங்க, முதுகுல ஸ்டெதஸ்கோப்பை நாலு எடத்துல வைங்க. 'கையத் தூக்கி அக்குளைக் காட்டு, அரைஞாண் கயித்தை எறக்கு'ன்னு சொல்லுங்க. பொம்பளையாளுன்னா சிஸ்டரை விட்டு மாருக்கு அடியில பாக்கச் சொல்லுங்க. வந்தவருக்கு ஊசியே போட்ட திருப்தி வந்துரும். உங்களுக்கும் லாபம் இருக்கு. கம்மாக்கரைப் புதருல வெறகு பொறுக்கப் போனவ அக்குள்ல கருப்பா, வட்டமா, வலியே இல்லாம ஒரு பொருக்கு கெடக்கும். அவளுக்கே தெரிஞ்சிருக்காது. அதுதேன் உண்ணிக் காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ். ரத்தப் பரிசோதனை முடிவு வர்ற வரைக்கும் காத்திருந்தா நுரையீரல்ல போயி உக்காந்துரும். டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ரெண்டு நாள்ல காய்ச்சல் எறங்கும். இவ்வளவு சல்லிசான மாத்திரைக்கு இவ்வளவு பெரிய நோய் மடங்குறதைப் பாத்தா எனக்கே சிரிப்பு வரும். அக்குளைப் பாக்காம விட்டுப்புட்டு ஐ.சி.யூ.வுல படுக்க வச்ச கதையும் கேட்டிருக்கேன், அப்ப சிரிப்பு வராது.

டெங்குல இன்னொரு கூத்து. காய்ச்சல் இருக்குற வரைக்கும் சொந்தபந்தமெல்லாம் சுத்தி நிக்கும், பப்பாளி இலையும் நிலவேம்பும் ஓடும். காய்ச்சல் விட்டவொடனே 'பொழச்சுட்டான்'னு கெளம்பிப் போயிருவாக. மோசம் போறதே அந்த நேரந்தேன், நாலாம் நாளு, அஞ்சாம் நாளு. வயித்து வலி, நிக்காத வாந்தி, ஈறுல ரத்தம், சோந்து சோந்து விழுகுறது, ஒண்ணுக்குக் கொறைஞ்சு போறது. இதுல எது வந்தாலும் ராத்திரியானாலும் கூட்டியாரச் சொல்லுங்க. தட்டணு எண்ணிக்கைய ஷேர் மார்க்கெட் நியூஸ் கணக்கா வாட்ஸ்ஆப்ல போட்டுக்கிட்டு இருப்பாக. ரத்த அழுத்தத்தைப் பாருங்க, அவன் எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனான்னு கேளுங்க.

சக்கரை, பி.பி.க்கு வருவோம். உங்க ஓ.பி.யில பாதி அதுதேன். 2021-ல ஆகஸ்ட் 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்குனதுல இருந்து மாத்திரை வீட்டு வாசலுக்கே வருது. வாசல் வரைக்கும் கவர்மென்டு பொறுப்பு. வாசல்ல இருந்து வாய்க்குள்ள போறது யாரு பொறுப்புன்னு இன்னும் ஜி.ஓ. வரலை. சக்கரை பாக்குற நாளைக்கு மட்டும் மொத நாளே பட்டினி கெடந்து, வேப்பங்கொழுந்து தின்னு, நடையா நடந்து வந்து உக்காருவாக. நம்பரு நல்லா வரும், உங்களையும் பாராட்டிட்டு பஸ் ஸ்டாண்டுல ஜிலேபி வாங்குவாக. எச்.பி.ஏ1சி எழுதுங்க, அது மூணு மாசக் கணக்கைக் கோள் சொல்லிரும். பி.பி.யும் அப்படித்தேன், பஸ்ஸை விட்டு எறங்கி ஓடி வந்தவருக்கு ஒடனே பட்டையச் சுத்தாதீக, அஞ்சு நிமிசம் உக்கார வைங்க. 140-க்கு 90-க்கு மேல இன்னொரு நாளும் வந்தாத்தேன் பேரு வைக்கணும். அம்லோடிபின் குடுத்தா சிலருக்குக் கால் வீங்கும். அதை உங்ககிட்டச் சொல்ல மாட்டாக. மாத்திரைய நிப்பாட்டிட்டு, எதுத்த வீட்டுக்காரிக்குத் தானமாக் குடுத்துருவாக.

காலைப் பாருங்க தம்பி. செருப்பைக் கழட்டச் சொல்லிப் பாருங்க. கட்டுப் போட்டவன் சொல்றேன், கேளுங்க. ஒரு பெரியவரு, இருமலுக்கு மருந்து வாங்க வந்தாரு. நடக்கையில 'டிக் டிக்'னு சிமெண்டுத் தரையில ஒரு சத்தம். செருப்புல லாடம் அடிச்சிருக்காருன்னு நெனச்சேன். கழட்டச் சொன்னா கழண்டு வரலை. ஆணி செருப்பைத் துளைச்சு, குதிங்காலுக்குள்ள ஏறி நிக்குது. எப்ப ஏறுச்சுன்னு கேட்டா, 'என்னது ஏறுச்சு?'ன்னு என்னையக் கேக்குறாரு. சக்கரை அவரு உணர்ச்சியத் தின்னுட்டுப் போயிருக்கு. சுத்திச் சதை ஈரமா, வெளுத்து, ஒரு நாத்தம். அவரு நிம்மதியா இருமிக்கிட்டு உக்காந்திருந்தாரு. அன்னைக்கு அந்தச் சத்தம் கேக்கலைன்னா இருமல் மருந்தோட வீட்டுக்குப் போயிருப்பாரு, அப்புறம் முழங்காலுக்குக் கீழ எடுத்திருப்பாக.

இருமல்னதும் ஞாபகம் வருது. ரெண்டு வாரத்துக்கு மேல போனா சளி பாக்கணும், அது உங்களுக்குத் தெரியும். காசநோய்னு முடிவானதும் மாத்திரைய மட்டும் குடுத்து வீட்டுக்கு விட்டுராதீக. 2022-ல 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' வந்தப்ப ஒரு விசயத்தைச் சேத்தாக. எடையப் போடு, மூச்சுத் திணறுதான்னு பாரு, ஒண்ணையும் பிடிக்காம எந்திரிச்சு நிக்கச் சொல்லு. நிக்க முடியாதவரை வார்டுல சேரு. என்னைய மாதிரி ஆளுக்கும் புரியுற பரிசோதனை, அதனாலதேன் பெரிய படிப்புப் படிச்சவுக முன்னாலயே கண்டுபிடிக்காம விட்டாகளோ என்னமோ.

மாசமா இருக்குற பிள்ளை தலை வலிக்குது, கண்ணு மங்குதுன்னா பித்தம்னு மாமியாக்காரி சொல்லுவா. நீங்க பி.பி. பாருங்க. 160-க்கு 110-னு நின்னா, மக்னீசியம் சல்பேட் மொதல் டோசும் பி.பி. எறக்குற மருந்தும் இங்க குடுக்காம வண்டியில ஏத்தாதீக, பாதி வழியில வலிப்பு வந்துரும். மாமியாவைச் சமாளிக்க நம்ம கிராம சுகாதார செவிலியர் இருக்காக. ஊருல எந்த வீட்டுல எத்தனை மாசம்னு அவுகளுக்குத்தேன் தெரியும், சில வீட்டுல புருசனுக்கு முன்னாலயே தெரியும்.

சரி, அனுப்புறீக. அனுப்புனவுக போனாகளா? அங்கதேன் கதை இருக்கு. தலையத் தலைய ஆட்டிட்டு வாசலைத் தாண்டி நேரா வீட்டுக்குப் போயிருவாக. மாடு யாரு கறக்குறது? வீட்டுப் பூட்டுச் சாவி யாருகிட்ட? 2021-ல இருந்து டவுன் பஸ்ஸுல பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லை, தொணைக்கு வர்ற புருசனுக்கு உண்டு. அந்தக் காசுக்கு அந்தாளு நோயே இல்லைன்னு சாதிச்சுருவான். 'ஏன் போகலை'ன்னு அடுத்த வாரம் அதட்டுறதுக்குப் பதிலா, 'யாரு கூட வர்றா, மாட்டை யாரு பாக்குறா'ன்னு இன்னைக்கே கேட்டுருங்க. பாதிப் பேருக்கு நானே பால் கறந்திருக்கேன்.

சீட்டுலயும் 'மேல் சிகிச்சைக்காக'ன்னு ஒத்தை வரி எழுதாதீக. மேல் சிகிச்சைங்குறது கோபுரத்து உச்சியிலயா இருக்கு? எத்தனை மணிக்கு வந்தாரு, பி.பி. எவ்வளவு, என்ன மருந்து எத்தனை மணிக்குக் குடுத்தீக, எதுக்குப் பயந்து அனுப்புறீக, உங்க பேரு, உங்க போன் நம்பர். படிக்கிற கையெழுத்துல. ஈ.சி.ஜி.யையும் ஸ்டேப்ளர் போட்டுச் சேத்துக் குத்துங்க. இல்லைன்னா அங்க போயி 'நெஞ்சுல வாயுங்க'ன்னு மொதல்ல இருந்து ஆரம்பிச்சுருவாரு.

எழுதி முடிச்சு, வண்டி கெளம்பையிலயே அவசரப் பிரிவுக்கு ஒரு போன் அடிச்சுருங்க. நம்பர் எல்லாம் கட்டுப் போடுற ரூம் கதவுக்குப் பின்னால, சுவத்துல பென்சில்ல எழுதி வச்சிருக்கேன். இருதய டாக்டர், மகப்பேறு வார்டு, ரத்த வங்கி, எல்லாம் இருக்கு. எந்த நம்பரை ராத்திரி எடுப்பாக, எதை அடிச்சாலும் எடுக்க மாட்டாகன்னும் பக்கத்துல குறிச்சிருக்கு. அடுத்த வாரம் இன்ஸ்பெக்சன் வருதாம், வெள்ளையடிக்க ஆள் விடுவாக. அந்தக் கதவுக்குப் பின்னால மட்டும் பிரஷ் போகாமப் பாத்துக்கங்க.